இந்த ‘ஹி’ யார், தம்பி?

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம், ஒரு கூட்டத்தின் தமிழ்க் குறிப்புகளை ஆங்கிலத்தில் எழுதித் தரும் பொறுப்பு எனக்கு வந்தது. மொத்தம் நான்கு பக்கம். இரவு வெகுநேரம் உட்கார்ந்து எழுதி, மறுநாள் காலையில் எங்கள் பிரிவின் மூத்த ஆசிரியரிடம் கொடுத்தேன். அவர் பென்சிலை எடுத்துக்கொண்டு நிதானமாக வாசித்தார். எதையும் அடிக்கவில்லை, திருத்தவில்லை. அங்கங்கே சிறு வட்டம் மட்டும் போட்டுக்கொண்டே போனார். தாள் என் கைக்குத் திரும்பியபோது எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது வட்டங்கள். ஒன்றைத் தவிர மற்ற ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு பிரதிப்பெயர்: ‘ஹி’, ‘ஹிஸ்’, ‘இட்’, ‘வீ’, ‘தே’.

முதல் வட்டத்தின் மேல் பென்சில் முனையை வைத்து, “இந்த ‘ஹி’ யார், தம்பி?” என்று கேட்டார்.

“கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர், மேடம்.”

“தலைமை வகித்தவர் பெண். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன்.”

தமிழ்க் குறிப்பில் ‘அவர்’ என்றுதான் இருந்தது. பெயருக்குப் பதில் பதவி மட்டுமே எழுதியிருந்தார்கள். ‘அவர்’ ஆணா பெண்ணா என்று தமிழ் என்னைக் கேட்கவில்லை. ஆங்கிலம் கேட்டது. நான் யாரிடமும் விசாரிக்காமல் அதற்குப் பதில் சொல்லியிருந்தேன், அதுவும் பத்துப் பன்னிரண்டு இடங்களில்.

அன்று முதல் மொழிபெயர்ப்பே என் தொழில். கடந்த சில ஆண்டுகளாக, வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு வார இறுதியில் ஆங்கில இலக்கணமும் சொல்லிக்கொடுக்கிறேன். ‘ஐ, மீ, மை, மைன்’ என்ற அட்டவணை தெரியாதவர் என் வகுப்புக்கு வந்ததே இல்லை. எல்லோருக்கும் மனப்பாடம். ஆனாலும் எழுதும்போது தவறு வருகிறது. தமிழ் சில செய்திகளை வினைச்சொல்லின் விகுதியில் வைக்கிறது, சிலவற்றை மரியாதைக்குள் வைக்கிறது, சிலவற்றைக் கேட்பவரின் புரிதலுக்கே விட்டுவிடுகிறது. ஆங்கிலம் அவற்றைப் பிரதிப்பெயரில் எதிர்பார்க்கிறது. தவறுகள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் விளைகின்றன என்பது என் அனுபவம்.

‘அவர்’ விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். மரியாதைக்குரிய ஒரு பெண்ணைப் பற்றிப் பேசும்போது மனத்தில் ‘அவர்’ ஓடுகிறது. வாயில் ‘ஹி’ வந்துவிடுகிறது. பேசுபவருக்கு அவர் பெண் என்பது நன்றாகத் தெரியும். இருந்தும், ‘அவள்’ என்று நினைக்க மனம் கூசுவதால் ‘ஷி’யும் வர மறுக்கிறது. இன்னொரு வகையும் உண்டு. ‘தாத்தா அவர்கள் வருகிறார்கள்’ என்பதை அப்படியே கொண்டுபோய், தாத்தாவைத் ‘தே’ என்று சொல்லிவிடுவது. ‘ஹி’யிலும் ‘ஷி’யிலும் மரியாதையும் கிடையாது, மரியாதைக் குறைவும் கிடையாது என்பதை மனம் ஒப்புக்கொள்ளச் சில மாதங்கள் ஆகும். ஆங்கிலத்தில் மரியாதை பெயருக்கு முன்னால் வரும் அடைமொழியிலும், ‘வுட்’, ‘குட்’ போன்ற துணைவினைகளிலும், கேட்கும் தொனியிலும் இருக்கிறது. பிரதிப்பெயரில் இல்லை. வகுப்பில் நான் தருகிற முதல் பயிற்சி இதற்குத்தான்: அவரவர் அம்மாவைப் பற்றிப் பத்து வாக்கியம், எல்லாம் ‘ஷி’யில் தொடங்க வேண்டும். நான்காவது வாக்கியம் வரை தயங்குவார்கள். பிறகு சரளமாக வந்துவிடும்.

எழுத்து வேலையில் என் பழக்கம் வேறு. மொழிபெயர்க்கத் தொடங்கும் முன்பே மூலத்தில் வரும் ஆட்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் ஆண், பெண் என்று குறித்துக்கொள்வேன். தெரியாவிட்டால் கேட்பேன். கேட்க வழியில்லாவிட்டால் பதவிப் பெயரையே திரும்பவும் போடுவேன். அதுவும் சரிவராதபோது ஒருவரையே குறிக்கும் ‘தே’யைப் பயன்படுத்துவேன்.

ஒருமைத் ‘தே’ என்றதும் வகுப்பில் யாராவது கட்டாயம் கை தூக்குவார்கள். “அது பன்மை ஆயிற்றே, தவறில்லையா?” 14ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கில எழுத்தில் இந்த வழக்கம் இருக்கிறது. பிற்காலத்து இலக்கண ஆசிரியர்கள் அதைத் தவறு என்றார்கள், பொதுவாகச் சொல்ல ‘ஹி’யே போதும் என்றார்கள். 1850இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், சட்டங்களில் ஆண்பாலைக் குறிக்கும் சொற்கள் பெண்களையும் உள்ளடக்கும் என்று ஒரு சட்டமே இயற்றியது. இன்று நிலைமை திரும்பிவிட்டது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் எழுத்து நடைக் கையேடு 2019இல் வெளியான ஏழாம் பதிப்பில் ஒருமைத் ‘தே’யை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு மெரியம்-வெப்ஸ்டர் அகராதி ‘தே’யைத்தான் ஆண்டின் சொல்லாக அறிவித்தது.

உண்மையில் இது தமிழருக்குக் கொஞ்சமும் விசித்திரமாகப் படக் கூடாது. ‘அவர்’ என்பதே முன்பு பன்மைதான். மரியாதைக்காக ஒருவரை அப்படி அழைக்கப் போய், அது ஒருமையாகவே நிலைத்துவிட்டது. பலரைச் சொல்ல அதன் மேல் ‘கள்’ ஏற்றி ‘அவர்கள்’ ஆக்கினோம். ஆனாலும் ‘அவர் வந்தார்’ என்பதில் பழைய பலர்பால் விகுதி இன்றும் உட்கார்ந்திருக்கிறது. ஆங்கில ‘யூ’வின் கதையும் இதேதான். ஒருவரை அழைக்க ‘தௌ’ இருந்தது, பலருக்கு ‘யூ’. மரியாதைக்கு ‘யூ’வை ஒருவருக்கும் சொல்லிச் சொல்லி, ‘தௌ’ பொது வழக்கிலிருந்தே போய்விட்டது. ஒரே ஆளுக்குக்கூட ‘யூ ஆர்’ என்று சொல்வதன் காரணம் இதுவே. ஒருமைத் ‘தே’யும் இப்படித்தான்: ஆள் ஒருவரே ஆனாலும் ‘தே ஆர்’, ‘தே ஹேவ்’. ‘தே இஸ்’ கிடையாது. நம் ‘நீங்கள் வந்தீர்கள்’ என்பதை நினைத்துக்கொண்டால் இந்த விதி தனியாக நினைவில் வைக்க வேண்டியதே இல்லை.

பத்தொன்பது வட்டங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது கடைசிப் பக்கத்தில் இருந்தது. ‘இட்’ இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. இல்லாத ஒன்றைச் சுற்றி அவர் வட்டம் போட்டிருந்தார்.

“கோப்பு கிடைத்ததா?” என்று கேட்டால் “கிடைத்தது” என்கிறோம். “சாவிகளை எங்கே வைத்தாய்?” என்றால் “மேசை மேல் வைத்தேன்.” யார் வைத்தார் என்பது ‘ஏன்’ விகுதியிலேயே இருக்கிறது. எதை வைத்தோம் என்பது கேள்வியிலேயே இருக்கிறது. இரண்டையும் திரும்பச் சொன்னால் தமிழில் நீட்டி முழக்குவது போல் ஆகிவிடும். இதே சிக்கனத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் ‘கெப்ட் ஆன் த டேபிள்’ என்று நிற்கும். ‘கெப்ட்’ யாருக்கும் பொருந்தும், நான், நீ, அவள், அவர்கள் எல்லோருக்கும். அது எதையும் காட்டிக்கொடுக்காது. ‘ஐ கெப்ட் தெம் ஆன் த டேபிள்’ என்றால்தான் வாக்கியம் நிறைவடைகிறது. இதற்கு என் வகுப்பில் ஒரே ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வினைச்சொல்லின் கீழும் கோடு போடுங்கள். ‘யார்?’ என்று கேளுங்கள், ‘எதை?’ என்று கேளுங்கள். ஆங்கில வாக்கியத்துக்குள்ளேயே பதில் இருக்க வேண்டும். உங்கள் மனத்தில் இருந்தால் போதாது.

சாவிகளுக்கு நான் ‘தெம்’ போட்டதைக் கவனித்திருப்பீர்கள். இந்த இடத்தில் ‘இட்’ போடுவது மிகப் பரவலான தவறு. பேச்சுத் தமிழில் பொருள்கள் பலவானாலும் பெரும்பாலும் ‘அது’ என்றே சொல்கிறோம். ‘அவை’ எழுத்தில் மட்டும் வாழ்கிறது. கூடவே, ‘தே’ என்றால் மனிதர்கள் என்று சிறுவயதில் பதிந்துவிட்ட எண்ணம். ஆங்கிலத்தில் நாற்காலிகளும் ‘தே’, கடிதங்களும் ‘தே’, நேற்று அனுப்பிய மூன்று இணைப்புகளும் ‘தே’. ‘த டாக்குமெண்ட்ஸ் ஆர் ரெடி, ஐ வில் செண்ட் இட்’ என்ற வாக்கியத்தை அலுவலக மின்னஞ்சல்களில் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

‘மழை பெய்கிறது’ என்பதில் பெய்வது மழை. ஆங்கிலத்தில் ‘இட் இஸ் ரெயினிங்’. எது பெய்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. எழுவாயின் நாற்காலி காலியாக இருக்கக் கூடாது என்பதற்காக ஆங்கிலம் அங்கே ‘இட்’டை உட்கார வைத்திருக்கிறது. நேரம், தூரம், வானிலை, ‘இது கடினம்’, ‘அது தெளிவு’ என்று தொடங்கும் வாக்கியங்கள் எல்லாவற்றுக்கும் இதே ஏற்பாடு. நாற்காலி ஒன்றுதான் என்பதால் இருவரை உட்கார வைக்கவும் கூடாது. ‘மை பிரதர், ஹி இஸ் ஒர்க்கிங்’ என்று எழுதினால் ‘ஹி’ அதிகம்.

வேற்றுமையில் நமக்குப் பெரிய வசதி இருக்கிறது. எட்டு வேற்றுமைகளைப் பள்ளியில் படித்தவர்கள் நாம். என்னை, எனக்கு, என்னோடு, என்னிடம், என்னால் என்று தமிழ் பிரித்துக் காட்டுவது அத்தனையும் ஆங்கிலத்தில் ஒரே ‘மீ’. அதன் முன்னால் வரும் ‘டு’, ‘வித்’, ‘பை’ போன்றவை மட்டுமே மாறும். ஆகவே தமிழில் ‘நான்’ என்று உருபு இல்லாமல் வந்தால் ‘ஐ’, ‘என்’ என்று திரிந்து உருபு ஏற்றால் ‘மீ’ என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும். ‘எனக்குப் பசிக்கிறது’, ‘எனக்குத் தெரியும்’ போன்ற வாக்கியங்கள் விலக்கு. அவற்றில் ‘கு’ இருந்தாலும் ஆங்கிலத்தில் எழுவாய் ‘ஐ’தான்.

நன்றாக ஆங்கிலம் எழுதுபவர்களே சறுக்கும் இடம் ‘பிட்வீன் யூ அண்ட் ஐ’. ‘மீ அண்ட் ஹிம் வெண்ட்’ என்று சொல்லக் கூடாது, ‘ஹி அண்ட் ஐ வெண்ட்’ என்றே சொல்ல வேண்டும் என்று சிறுவயதில் கண்டிக்கப்பட்டவர்கள், ‘அண்ட் ஐ’ என்றாலே மரியாதையான ஆங்கிலம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ‘யூ’ எழுவாயாக வந்தாலும் செயப்படுபொருளாக வந்தாலும் உருவம் மாறாது. அதனால் அதன் பக்கத்தில் நிற்கும் ‘ஐ’ தவறு என்பது காதுக்குப் படுவதில்லை. சரிபார்க்க ஒரு வழி: கூட இருப்பவரை வாக்கியத்திலிருந்து நீக்கிப் பாருங்கள். ‘ஷி இன்வைட்டட் மை வைஃப் அண்ட் ஐ’ சரியா? மனைவியை நீக்கினால் ‘ஷி இன்வைட்டட் ஐ’. யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். ‘மீ’ தான். ‘பிட்வீன்’ மட்டும் இருவர் இல்லாமல் நிற்காது. அங்கே இருவருக்கும் பதில் ஒரே சொல்லைப் போட்டுப் பாருங்கள்: ‘பிட்வீன் தெம்’ என்போமா, ‘பிட்வீன் தே’ என்போமா?

‘ஹூ’, ‘ஹூம்’ குழப்பத்துக்கும் இப்படி ஒன்று உண்டு. பதில் ‘ஹிம்’ என்று வந்தால் கேள்வி ‘ஹூம்’. இரண்டிலும் மகர ஒலி. பேச்சில் ‘ஹூ’ போதும், யாரும் குறை சொல்லப்போவதில்லை.

தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது ‘மைசெல்ஃப்’ என்று தொடங்குவதை மட்டும் விட்டுவிடுங்கள். ‘ஐ ஆம்’ போதும். அதே வாக்கியத்தில் முன்பே ஓர் ‘ஐ’ வந்திருந்தால்தான் ‘மைசெல்ஃப்’ வரலாம். ‘ப்ளீஸ் காண்டாக்ட் மைசெல்ஃப்’ பணிவாகத் தோன்றலாம். அங்கே வேண்டியது ‘மீ’.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த, எனக்கு மிகவும் வலித்த இடத்துக்கு வருகிறேன்.

ஒரு சொத்து விவகாரத்தில் தமிழ் வாக்குமூலம் ஒன்றை மொழிபெயர்த்தேன். அதில் ஒரு வாக்கியம் இப்படி இருந்தது: ‘தம்பி தன் அண்ணனிடம், தன் வீட்டை அவர் பெயருக்கு மாற்றித் தருவதாகச் சொன்னார்.’ தமிழில் ஐயத்துக்கே இடமில்லை. ‘தன்’ என்றால் சொன்னவருடையது, தம்பியின் வீடு. ‘அவர்’ என்றால் மற்றவர், அண்ணன் பெயர். நான் எழுதிய ஆங்கிலம்: ‘த யங்கர் பிரதர் டோல்ட் த எல்டர் பிரதர் தட் ஹி வுட் டிரான்ஸ்ஃபர் ஹிஸ் ஹவுஸ் டு ஹிஸ் நேம்.’ எழுத்துப்பிழை இல்லை, காலம் சரி, வேற்றுமை சரி. மறுநாள் வழக்கறிஞர் தொலைபேசியில் அழைத்தார். “வீடு யாருடையது? யார் பெயருக்கு மாறுகிறது? இதை இரண்டு விதமாகவும் படிக்கலாமே?”

மூலத்தை எடுத்து மறுபடி வாசித்தபோதுதான் ‘தன்’ என்ற சின்னச் சொல் செய்கிற வேலை என் கண்ணில் பட்டது. ஆங்கில ‘ஹிஸ்’ஸுக்குள் ‘தன்’னும் ‘அவருடைய’வும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. எது எது என்று வாசகர்தான் ஊகிக்க வேண்டும். ஆண் ஒருவர், பெண் ஒருவர் என்றால் ‘ஹிஸ்’, ‘ஹெர்’ பிரித்துக் காட்டிவிடும். இருவரும் ஆண், அல்லது இருவரும் பெண் என்றால் அந்த உதவியும் போய்விடுகிறது. வாக்கியத்தை உடைத்து எழுதினேன்: ‘த யங்கர் பிரதர் ப்ராமிஸ்ட் டு டிரான்ஸ்ஃபர் ஹிஸ் ஓன் ஹவுஸ் டு த எல்டர் பிரதர்’ஸ் நேம்.’ ‘ஓன்’ என்ற சொல்தான் நம் ‘தன்’னுக்கு ஆங்கிலத்தில் கிடைக்கும் கிட்டத்தட்டச் சரியான இணை. ‘எல்டர் பிரதர்’ இரண்டாவது இடத்தில் பெயராகவே வர வேண்டும். ஒரே பெயரைத் திரும்பத் திரும்ப எழுதினால் நடை கெட்டுவிடும் என்று பள்ளியில் சொல்லித்தந்திருந்தார்கள். கதைக்கு அது சரி. சொத்து, மருத்துவம், ஒப்பந்தம் என்று வரும்போது பெயரைத் திரும்பச் சொல்வதே நல்ல நடை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்தக் குழப்பம் ஆங்கிலத்துக்கும் புதிதல்ல. பழைய ஆங்கிலத்தில் ‘ஹிம்’ என்ற வடிவம் ‘அவனுக்கு’, ‘அவர்களுக்கு’ இரண்டையும் குறித்தது. ‘தே’, ‘தெம்’, ‘தெயர்’ மூன்றும் பிறகு ஸ்காண்டிநேவிய மொழியிலிருந்து வாங்கிக்கொண்டவை. தெளிவு வேண்டித்தான் அவற்றை வாங்கினார்கள் என்று சொல்லப்படுகிறது. பொதுவாக ஒரு மொழி இன்னொரு மொழியிடம் பிரதிப்பெயரைக் கடன் வாங்குவது அரிது.

‘நாம்’, ‘நாங்கள்’ வேறுபாட்டையும் ஆங்கிலம் தருவதில்லை. ஒருமுறை எங்கள் குழுவின் சார்பில் எழுதிய மின்னஞ்சலில், கூடுதல் செலவை ‘வீ’ ஏற்க வேண்டியிருக்கும் என்று எழுதினேன். நான் நினைத்தது ‘நாங்கள்’. மின்னஞ்சலைப் பெற்றவர்கள் வாசித்தது ‘நாம்’. பாதிச் செலவைத் தங்கள் தலையில் கட்டுகிறோம் என்று நினைத்து, மனத்தாங்கலோடு பதில் வந்தது. இப்போதெல்லாம் பொறுப்பு, பணம், தேதி மூன்றும் வரும் வாக்கியத்தில் நான் தனியாக ‘வீ’ எழுதுவதில்லை. ‘எங்கள் குழு’ என்னும் பொருளில் ‘அவர் டீம்’, ‘யூ அண்ட் ஐ’, ‘போத் ஆஃபீசஸ்’ என்று ஆளைப் பெயர் சொல்லிவிடுவேன்.

மின்னஞ்சல் வழியாக மட்டுமே பழகிய ஒரு சக மொழிபெயர்ப்பாளர், தனக்குப் பிறந்த குழந்தையின் படத்தை அனுப்பியிருந்தார். மகிழ்ச்சியோடு பதில் எழுதினேன், ‘இட் இஸ் ஸ்மைலிங் சோ ஸ்வீட்லி’ என்று. ‘குழந்தை எவ்வளவு அழகாகச் சிரிக்கிறது’ என்று நாம் சொல்வதில் எத்தனை கொஞ்சல் இருக்கிறது! குழவி, மகவு போன்ற சொற்கள் உயர்திணைப் பொருளையே குறித்தாலும் அஃறிணை முடிபு கொள்ளும் என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. ஆங்கில ‘இட்’டில் அந்தக் கொஞ்சல் இல்லை. ஒரு பொருளைச் சொல்வது போன்ற குளிர்ச்சிதான் இருக்கிறது. அவர் கோபப்படவில்லை. ‘ஷி ஸ்மைல்ஸ் அ லாட்’ என்று பதில் எழுதியிருந்தார். அந்த ‘ஷி’யை வாசித்த நொடியில் என் தவறு புரிந்தது. ஆணா பெண்ணா தெரியாவிட்டால் ‘த பேபி’ என்றோ ‘யுவர் லிட்டில் ஒன்’ என்றோ எழுதலாம். வீட்டில் வளர்க்கும் நாய், பூனைக்கும் உரிமையாளர் ‘ஹி’ என்றால் நாமும் ‘ஹி’ என்பதே நல்லது.

‘அதனுடைய’ என்னும் பொருள் தரும் ‘இட்ஸ்’ஸுக்கு அபாஸ்ட்ரஃபி கிடையாது. அபாஸ்ட்ரஃபி போட்டால் ‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹாஸ்’ என்று விரியும். விரித்து வாசித்துப் பாருங்கள், பொருள் வராவிட்டால் குறியை எடுத்துவிடுங்கள். ‘யுவர்ஸ்’, ‘ஹெர்ஸ்’, ‘அவர்ஸ்’, ‘தெயர்ஸ்’ எதற்கும் குறி இல்லை. இதில் தடுமாறுபவர்கள் வருந்த வேண்டாம். இந்த ‘இட்ஸ்’ ஆங்கிலத்துக்கே 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த சொல். 1611இல் அச்சான அரசு அனுமதி பெற்ற ஆங்கில விவிலியத்தில் இன்று ‘இட்ஸ் ஓன்’ என்று வாசிக்கும் இடத்தில் ‘இட் ஓன்’ என்றே இருந்தது. அடுத்த இருநூறு ஆண்டுகளும் உடைமைக்கு அபாஸ்ட்ரஃபியோடும் எழுதினார்கள், இல்லாமலும் எழுதினார்கள்.

எந்த ஆவணத்தையும் முடித்ததும், பென்சிலால் பிரதிப்பெயர்களை மட்டும் வட்டமிட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் அது குறிக்கும் பெயருக்கு ஒரு கோடு இழுப்பது இப்போது என் வழக்கம். கோடு இரண்டு பெயர்களைத் தொட முடிந்தால் வாக்கியத்தை மாற்றுவேன். எந்தப் பெயரையும் தொடாவிட்டால் எழுதியவரை அழைப்பேன்.

சென்ற மாதம் ஒரு கட்டடப் பராமரிப்பு ஒப்பந்தம் சரிபார்க்க வந்தது. முன் வாக்கியத்தில் உரிமையாளர்கள், குடியிருப்பவர்கள், ஒப்பந்ததாரர்கள் என்று மூன்று தரப்பு. அடுத்த வாக்கியம் ‘தே ஷல் ரிப்பேர் த ரூஃப்’. வட்டமிட்டேன். கோடு மூன்று பக்கமும் போனது. எழுதியவரை அழைத்து, “இந்தத் ‘தே’ யார், சார்?” என்று கேட்டேன்.

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, “அதை நாங்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை” என்றார்.